பிள்ளைகளைத் திருத்த வேண்டாம்: வேலூரிலிருந்து ஒரு தாயின் கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

அண்மையில் தங்கள் நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தில், வீட்டைவிட்டு வெளியேறி வேறு ஊரில் ஒன்றாகத் தங்கியிருந்த இரண்டு இளம்பெண்களைப் பற்றிய செய்தி ஒன்று வெளியாகியிருந்தது. ‘விபரீதக் காதல்’ என்பது தலைப்பு. ‘இருவரையும் மீட்ட போலீசார், அறிவுரை கூறிப் பெற்றோரிடம் ஒப்படைத்தனர்’ என்று செய்தி முடிகிறது. இருவருக்கும் இருபது வயதுக்கு மேல் என்பதை அதே செய்தியின் இரண்டாவது வரி சொல்கிறது. முப்பத்தொரு ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் தமிழாசிரியையாக வேலை பார்த்தவள் என்பதாலோ என்னவோ, அந்த வினைச்சொற்களைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. வெள்ளத்தில் சிக்கியவரை மீட்கலாம், கடத்தப்பட்ட குழந்தையை மீட்கலாம். தானே விரும்பிப் போய்த் தங்கியிருந்த, வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒரு பெண்ணை எதிலிருந்து மீட்டார்கள்? ஒப்படைத்தல் என்பது ஒரு பொருளை அதற்கு உரியவரிடம் சேர்ப்பதற்கு நாம் வழங்கும் சொல். வயது வந்த பெண் யாருக்கு உரிய பொருள்?

இந்தக் கேள்விக்குச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கெனவே விடை சொல்லியிருக்கிறது. அதையும் நம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரை எதிர்மனுதாரராகக் கொண்ட ஒரு வழக்கிலேயே சொல்லியிருக்கிறது. தன் துணைவியான 25 வயதுப் பெண்ணை அவருடைய குடும்பத்தார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று ஒரு பெண் தாக்கல் செய்த ஆட்கொணர்வு மனுவில் (பிடித்து வைக்கப்பட்டவரை நீதிமன்றத்தில் நிறுத்தக் கோரும் மனு), நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் ஆகியோர் 2025 மே 22 அன்று பிறப்பித்த உத்தரவு அது. நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட அந்தப் பெண், தாம் தன்பாலீர்ப்பு, அதாவது தன் பாலினத்தவர் மீதே ஈர்ப்பு, உடையவர் என்பதையும், மனுதாரரோடு வாழவே விரும்புவதையும், தம்மை வலுக்கட்டாயமாக வீட்டுக்குக் கொண்டு சென்று அடித்ததையும், தம்மை ‘சரியாக்க’ச் சில சடங்குகளுக்கு உட்படுத்தியதையும் நீதிபதிகளிடமே சொன்னார். அவர் எங்கே போக விரும்புகிறாரோ அங்கே போகலாம், பிறந்த வீட்டார் அவருடைய சுதந்திரத்தில் தலையிடக் கூடாது, தேவைப்படும்போதெல்லாம் காவல்துறை பாதுகாப்புத் தர வேண்டும் என்று உத்தரவாயிற்று. புகார்கள் வந்தும் அசையாமல் இருந்த காவல்துறையை நீதிமன்றம் வெளிப்படையாகக் கண்டித்தது. திருமணம் ஒன்றே குடும்பம் அமைப்பதற்கான வழியல்ல என்றும், தாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் குடும்பம் என்ற கருத்து நம் சட்டத்தில் நிலைபெற்றுவிட்டது என்றும் எழுதியது. நம் மாவட்டத்துப் பெயர் தாங்கிய இந்தத் தீர்ப்பைப் பற்றி இந்த ஊரில் நான் பேசிய பத்துப் பேரில் ஒருவருக்குக்கூடத் தெரிந்திருக்கவில்லை.

அந்த உத்தரவில் அந்தப் பெண்ணின் தாயும் இருக்கிறார். வயது வந்த மகளுக்குத் தன் வாழ்க்கையைத் தேர்ந்துகொள்ளும் உரிமை உண்டு என்பதை அவருக்கு உணர்த்த முயன்றோம், முடியவில்லை என்று நீதிபதிகள் குறித்திருக்கிறார்கள். உயர் நீதிமன்றம் ஒன்றின் தலைமை நீதிபதியாக உயர்ந்த முதல் பெண்மணியும், தன்பாலீர்ப்புள்ள மகனுக்காக வெளிப்படையாக எழுதியவருமான லீலா சேத்தை அவர்கள் அங்கே நினைவுகூர்ந்து, எல்லாப் பெற்றோரும் அவரைப் போல் இருப்பதில்லை என்கிறார்கள். அந்த இடத்தைப் படித்தபோது என் கை நடுங்கியது. உணர்த்த முயன்றும் உணராத அந்தத் தாயாக 2019-ஆம் ஆண்டு முழுவதும் நான் இருந்தேன்.

என் மகன் பொறியாளர். 2018 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது எதிரே வந்து உட்கார்ந்து, “எனக்குப் பொண்ணு பாக்க வேணாம்மா. பொண்ணுங்க மேல எனக்கு அந்த எண்ணம் வந்ததே இல்ல” என்றான். அவன் அந்த நாளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மூன்று மாதங்களுக்கு முன், 2018 செப்டம்பர் 6 அன்று, உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், வயது வந்த இருவர் மனமொத்து வாழ்வதை இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு இனிக் குற்றமாக்காது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்திருந்தார்கள். ஆங்கிலேயர் 1860-இல் எழுதி வைத்த பிரிவு அது. 2009-இல் தில்லி உயர் நீதிமன்றம் அதைத் தளர்த்தியது. 2013-இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் உயிர்ப்பித்தது. ஆக, பதினேழு வயதில் தன்னைத் தெரிந்துகொண்ட என் மகன், குற்றவாளி அல்ல என்றும் குற்றவாளி என்றும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டே வளர்ந்திருக்கிறான். நாட்டின் சட்டமே விட்டுவிட்டது, அம்மாவும் விட்டுவிடுவாள் என்று அவன் நம்பினான்.

நான் விடவில்லை. பக்கத்து ஊர் ஒன்றில் இருந்த ஒரு மனநல மருத்துவரிடம் அவனை அழைத்துச் சென்றேன். ‘குணப்படுத்திவிடலாம்’ என்று சொல்லி அவர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளால் என் பிள்ளை மூன்று மாதம் பகலும் இரவும் தூங்கிக்கொண்டே இருந்தான். பதினோரு கிலோ எடை குறைந்தான். பிறகு ஜாதகம், பரிகாரம், கையில் கயிறு, அரைஞாணில் தாயத்து. நான் அழுவேன் என்பதற்காகவே எல்லாவற்றுக்கும் உடன்பட்டு வந்தான். ஒரு நாள்கூட எதிர்த்துப் பேசவில்லை. அந்த மௌனத்தைக் குணமாகிறான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்களின் பட்டியலிலிருந்து நீக்கியது 1990 மே 17 அன்று. அதாவது, 29 ஆண்டுகளுக்கு முன்பே நோயல்ல என்று உலகம் எழுதி முடித்த ஒன்றுக்கு நான் என் மகனுக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தேன். இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018-இல் அதையே சொல்லியிருக்கிறது. நல்ல மனநல மருத்துவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள், அவர்களிடம் போயிருந்தால் சிகிச்சை எனக்குத்தான் நடந்திருக்கும். 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவு, இந்த ‘மாற்றும் சிகிச்சை’யைத் தடைசெய்ய வேண்டும் என்றும், அதைச் செய்யும் மருத்துவரின் உரிமம் வரை நடவடிக்கை போக வேண்டும் என்றும் கூறியது. அதைத் தொடர்ந்து தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல், அப்படிச் சிகிச்சை அளிப்பது மருத்துவத் தொழில் ஒழுக்கக்கேடு என்று மாநில மருத்துவ மன்றங்களுக்கு அறிவித்துவிட்டது. ஆகவே இன்று ஒரு மருத்துவர் உங்கள் பிள்ளையை ‘மாற்றித் தருகிறேன்’ என்று சொன்னால், அவர்மீது மருத்துவ மன்றத்தில் புகார் கொடுக்கலாம்.

அந்த 2021 உத்தரவுதான் என்னையும் மாற்றியது என்பதால் அதைப் பற்றிக் கூடுதலாக நான்கு வரி எழுத அனுமதியுங்கள். மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள், பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சிச் சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட வழக்கு அது. வழக்கு தம்முன் வந்தபோது, இந்த விஷயத்தில் தமக்கே முன்முடிவுகள் இருக்கின்றன, தமக்குப் போதிய அறிவில்லை என்று அந்த நீதிபதி திறந்த மனதோடு ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதோடு நிற்காமல், ஓர் உளவியலாளரிடம் தாமே மாணவராகப் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டு வந்து, அதன் பிறகுதான் உத்தரவு எழுதினார். அந்தச் செய்தியை என் மகனே பெங்களூரிலிருந்து எனக்கு அனுப்பியிருந்தான். அப்போது எங்களுக்குள் பேச்சு நின்று ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் ‘எனக்குத் தெரியவில்லை, கற்றுக்கொள்கிறேன்’ என்று சொல்லலாம் என்றால், பிள்ளைகளுக்குக் கற்பித்தே காலம் கழித்த நான் சொல்வதற்கு என்ன தடை இருந்தது? அன்று இரவே அவனைக் கூப்பிட்டேன். வயது வந்த பிள்ளையைக் காணவில்லை என்று பெற்றோர் கொடுக்கும் புகாரில், அவர்கள் மனமொத்துச் சேர்ந்து வாழ்பவர்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் பெற்றுக்கொண்டு, எந்தத் தொந்தரவும் தராமல் வழக்கை முடித்துவிட வேண்டும் என்று காவல்துறைக்கு வழி சொல்வதும் அதே உத்தரவுதான். தங்கள் செய்தியில் வந்த ‘மீட்டு, அறிவுரை கூறி, ஒப்படைத்தல்’ அந்த வழிகாட்டுதலுக்கு நேர் எதிரானது. அறிவுரை கூறுவதைப் பற்றி உச்ச நீதிமன்றமும் 2024 மார்ச்சில் பேசியிருக்கிறது: இத்தகைய ஆட்கொணர்வு வழக்குகளில், சம்பந்தப்பட்டவரின் மனத்தை மாற்றும் நோக்கத்தோடு அவரை ஆலோசனைக்கு அனுப்பும் வேலையை நீதிமன்றங்களே செய்யக் கூடாது என்று.

பேச்சு நின்றதற்குக் காரணம் ஒரு பெண். ஆரணிப் பக்கம் பட்டு நெசவுக் குடும்பத்தில் ஒரு பெண்ணை அவனுக்காகப் பார்த்தேன். ‘கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று என் அக்கா சொன்னாள், அண்ணன் சொன்னார், நானும் எனக்கே சொல்லிக்கொண்டேன். தாம்பூலம் மாற்ற நாள் குறித்த பிறகு, அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று மகன் கேட்டான். சொன்னால் நான் உயிரோடு இருக்க மாட்டேன் என்றேன். மறுநாள் விடியற்காலையில் காட்பாடியில் ரயில் ஏறிவிட்டான். பெண் வீட்டாரிடம் ஜாதகத்தில் தோஷம் என்று பொய் சொல்லி அனுப்பினேன். இத்தனை பிழைகளிலும் என்னைத் தூங்கவிடாத பிழை அதுதான். முகம் பார்த்துச் சிரித்து எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்த அந்தப் பெண்ணின் வாழ்க்கையை, என் மகனுக்கு மருந்தாகக் கொடுக்கத் துணிந்திருக்கிறேன்.

இது என் வீட்டுக் கதை மட்டும் அல்ல என்பதும் எனக்குத் தெரியும். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த மாணவி ஒருத்தி, நான்கு ஆண்டு மணவாழ்க்கைக்குப் பிறகு பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அந்த நான்கு ஆண்டுகளும் மாமியார் வாயால் ‘மலடி’ என்று கேட்டிருக்கிறாள். கணவன் ஒரு நாளும் அவளைத் தொட்டதில்லை. கடைசியில் ஒரு நாள் அழுதுகொண்டே தன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். அவனையும் யாரோ ஒரு தாய் அழுது அழுது மணமேடையில் உட்கார வைத்திருப்பாள். தன்பாலீர்ப்புள்ள பெண்களின் நிலைமை இதைவிடக் கொடியது, ஏனென்றால் மகன் ரயில் ஏறிப் போகலாம். மகளின் கைபேசியைப் பிடுங்கி, வேலையை நிறுத்தி, ஒரு மாதத்துக்குள் மாலை மாற்றிவிடுகிறார்கள். விருப்பமில்லாத அந்தத் திருமணத்துக்குப் பிறகு ஒவ்வொரு இரவும் அவளுக்கு என்ன நேர்கிறது என்பதை எழுத எனக்குத் துணிவில்லை.

ஆண்டுதோறும் வைகாசி முதல் நாளில் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா நடக்கிறது. தந்தையின் ஆணைக்குப் பணிந்து மகனே தாயின் தலையைக் கொய்த ரேணுகையின் கதையை அன்று நாம் நினைவுகூர்கிறோம். வெட்டுண்ட சிரசை ஊர்வலமாகக் கொண்டுவந்து மீண்டும் உடலில் பொருத்துவதைக் காண நம் வட்டாரமே திரள்கிறது. என் மகனைத் தோளில் வைத்துக்கொண்டு அவன் அப்பாவும் நானும் அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கிறோம். குடும்ப மானம் என்ற பெயரில் சொந்தக் குடும்பத்திலேயே ஒருவரை வெட்டியதற்காக வருந்திக் கும்பிடும் வழக்கம் நம் மண்ணில் இவ்வளவு காலமாக இருக்கிறது. மகனிடமிருந்து விலகியிருந்த ஆண்டுகளில் அந்தத் திருவிழாவுக்குப் போக எனக்கு மனம் வரவில்லை.

கைபேசிச் செயலிகள் மூலம் துணை தேடுவதைப் பற்றி நம் நாளிதழ்கள் எழுதும் விதம் குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். எனக்குத் திருமணம் ஆனபோது தரகர், ஜாதகம், சித்தப்பா, பெரியம்மா என்று ஊரே சேர்ந்து தேடியது. என் மகனுக்கு யார் தேடுவார்கள்? அவனுக்கு இருந்த ஒரே வழி அந்தச் செயலிகள்தான். அப்படித் தேடிய ஒரு நாளில், சந்திக்கலாம் என்று ஒருவன் கூப்பிட்ட இடத்துக்குப் போனபோது நான்கு பேர் சூழ்ந்துகொண்டு, படம் எடுத்து, வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று மிரட்டி, அவன் கணக்கில் இருந்த பணம் முழுவதையும் கைபேசி வழியாகவே மாற்றிக்கொண்டார்கள். அவன் புகார் கொடுக்கவில்லை. சட்டம் அவன் பக்கம் இருந்தும், எனக்குத் தெரிந்துவிடுமே என்ற பயத்தால் கொடுக்கவில்லை. இத்தகைய கும்பல்கள் பிழைப்பது முழுக்க முழுக்க இந்தப் பயத்தை நம்பித்தான். பணம் பறித்தல், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-ஆம் பிரிவின்கீழ் குற்றம். புகார் கொடுத்தவர் யாரைக் காதலிக்கிறார் என்பது குற்றமே அல்ல. தன்பாலீர்ப்புள்ளவர்களைத் துன்புறுத்துவது காவலர்களுக்கே நடத்தை விதிமீறல் என்று தமிழ்நாடு அரசு 2022-இல் காவலர் நடத்தை விதிகளில் சேர்த்திருக்கிறது. இன்னொரு குறையையும் இங்கே பதிவு செய்கிறேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த அந்தப் புதிய சட்டத்தில் 377-ஆம் பிரிவு முழுவதுமே விடுபட்டுவிட்டதால், ஓர் ஆண் மற்றோர் ஆணால் வன்கொடுமைக்கு ஆளானால், அதற்கென்று ஒரு பிரிவு இப்போது இல்லை. இதைத் தங்கள் தலையங்கம் ஒரு நாள் எடுத்துப் பேச வேண்டும்.

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், பேரணாம்பட்டு என்று நம் பகுதியிலிருந்து வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போகும் இளைஞர்கள் ஏராளம். நம் நாட்டுத் தீர்ப்பு விமானத்தில் கூட வராது என்பதை அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். சவுதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், கத்தார் ஆகிய நாடுகளில் தன்பாலின உறவு இன்றும் தண்டனைக்குரிய குற்றம். மலேசியாவில் ஆங்கிலேயர் விட்டுச் சென்ற அதே 377-ஆம் எண்கொண்ட பிரிவுகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. சிங்கப்பூர் மட்டும் 2023 தொடக்கத்தில் அதை நீக்கிக்கொண்டது. ஊரில் பழகிய செயலியை அங்கே போய்த் திறப்பதும், படங்களைக் கைபேசியில் வைத்துக்கொண்டு விமான நிலையத்தில் இறங்குவதும் சிறைக்குக் கொண்டுபோய்விடக்கூடும். மகனை விமானம் ஏற்றிவிடும் தாய், ஊறுகாய்ப் பாட்டிலைக் கட்டிக் கொடுக்கும்போதே இதையும் சொல்லி அனுப்பும் நெருக்கம் வீட்டில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

என் மகன் இப்போது பெங்களூரில், தருமபுரிப் பக்கத்துக்காரர் ஒருவரோடு நான்கு ஆண்டுகளாக வாழ்கிறான். முதன்முறை சத்துவாச்சாரி வீட்டுக்கு வந்தபோது அந்தப் பிள்ளை வாசற்படியிலேயே நின்று, “உங்கள எப்படிக் கூப்புடறதுன்னு தெரியலீங்க” என்றார். அத்தை என்று கூப்பிடச் சொன்னேன். சொல்லிவிட்டேனே தவிர, அந்த உறவுக்குச் சட்டத்தில் இடமில்லை என்பதை 2023-இல் உணர்ந்தேன். மகனுக்கு டெங்குக் காய்ச்சல் கண்டு ஒரு மருத்துவமனையில் சேர்த்தபோது, படிவத்தில் ‘உறவுமுறை’ என்ற இடத்தில் அந்தப் பிள்ளை ‘நண்பர்’ என்று எழுதியிருக்கிறார். ரத்த உறவு உள்ளவர் வந்துதான் கையெழுத்திட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நான் காட்பாடியில் ரயில் பிடித்துப் போய்ச் சேரும்வரை, மூன்று நாளாக அவனுக்கு நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வங்கத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் நோயாளிகளும் துணைக்கு வருபவர்களும் விடுதி விடுதியாகத் தங்கியிருக்கும் ஊர் நம் வேலூர். அவர்களில் இப்படி எத்தனை பேர் ‘நண்பர்’ என்று எழுதிவிட்டு வெளியே உட்கார்ந்திருக்கிறார்களோ என்று இப்போதெல்லாம் எண்ணிக்கொண்டே அந்தத் தெருக்களில் நடக்கிறேன்.

தன்பாலீர்ப்புள்ள இணையர்களுக்குத் திருமண உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17 அன்று கூறிவிட்டது. அந்தத் தீர்ப்பில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அதன்பின் மத்திய அரசு சில சிறிய கதவுகளைத் திறந்திருக்கிறது, அவையும் பலருக்குத் தெரியாது. 2024-இல் வந்த அறிவிப்புகளின்படி, இணைந்து வாழும் இருவர் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கலாம், ஒருவரை மற்றவர் நியமனதாரராகக் காட்டலாம், ஒரே குடும்ப அட்டையில் இடம்பெறலாம். நெருங்கிய உறவினர் யாரும் இல்லாதபோது இறந்தவரின் உடலைத் துணைவர் பெற்றுக்கொள்ளலாம். வாரிசுரிமை மட்டும் இல்லை. என் மகன் உயில் எழுதாமல் இறந்துபோனால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாயாகிய நான் முதல் வகுப்பு வாரிசு. அவனோடு தவணை கட்டி வீடு வாங்கியவருக்கு ஒரு செங்கல்கூடக் கிடையாது. அதனால் நானே மகனை உட்கார வைத்து உயில் எழுதச் சொன்னேன். வெள்ளைத்தாளில் எழுதி இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டாலே அது செல்லும், பதிவு செய்வது கட்டாயமில்லை என்றாலும் பதிவும் செய்தோம். இத்தகைய இணையர்கள் தங்களுக்குள் ஒரு குடும்பப் பிணைப்பு ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்துகொள்ள வழி செய்யுமாறு தமிழ்நாடு அரசுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் யோசனை கூறியது. அதை அரசு நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று நம் மாவட்டத்துச் சட்டமன்ற உறுப்பினர்கள் அவையில் கேட்க வேண்டும்.

சொற்களைப் பற்றித் தொடங்கியதால் அதைச் சொல்லி முடிக்கிறேன். நான் பணியில் சேர்ந்த காலத்தில் திருநங்கையரைக் குறிக்க வகுப்பறையிலும் பத்திரிகையிலும் புழங்கிய சொற்களை இன்று யாரும் அச்சில் ஏற்ற மாட்டார்கள். 2008-இல் அரசு நலவாரியம் அமைத்தது, ‘திருநங்கை’ என்ற சொல் அரசு ஆவணங்களில் ஏறியது, நாளிதழ்கள் அதைப் பிடித்துக்கொண்டன. சில ஆண்டுகளில் என் வகுப்புப் பிள்ளைகள் வாயிலும் அதுவே இயல்பாக வந்தது. தன்பாலீர்ப்பு என்பது அதிலிருந்து வேறானது. ஆணாகவே தன்னை உணரும் ஆணுக்கு ஆண்மீதும், பெண்ணாகவே தன்னை உணரும் பெண்ணுக்குப் பெண்மீதும் தோன்றும் அன்பு அது. இதற்கும் மரியாதையான தமிழ்ச்சொற்களைத் தொகுத்து, நீதிமன்றத்தின் வழிகாட்டுதலின்பேரில் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் அரசிதழிலேயே வெளியிட்டிருக்கிறது. ஊடகங்கள் அவற்றைப் பயன்படுத்த வேண்டும் என்று நீதிமன்றமும் கூறியிருக்கிறது. தங்கள் செய்தியாளர்களின் மேசையில் அந்தப் பட்டியல் இருக்க வேண்டும். ‘தகாத உறவு’, ‘விபரீத ஆசை’ என்று தாங்கள் அச்சிடும் ஒவ்வொரு முறையும், ஏதோ ஒரு வீட்டில் தந்தை அந்தச் செய்தியை உரக்கப் படிக்கிறார். பக்கத்து அறையில் ஒரு பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. என் வீட்டில் அப்படி உரக்கப் படித்தது நான்.

இந்தக் கடிதத்தில் என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்கு மறைக்க ஒன்றுமில்லை. என் மகனுக்கும் அவனுடைய துணைவருக்கும் இன்னும் அலுவலகத்தில் சொல்ல முடியாத நிலை இருக்கிறது. இடமின்மையால் சுருக்க நேர்ந்தால் என் வீட்டுக் கதையை வெட்டிக்கொள்ளுங்கள். வேலூர் வழக்கின் தீர்ப்பையும் பின்வரும் எண்களையும் மட்டும் விட்டுவிடாதீர்கள். இலவசச் சட்ட உதவிக்கு 15100. பெண்கள் உதவிக்கு 181. மனநல ஆலோசனைக்கு 14416. இந்தக் கடைசி எண்ணில் பெற்றோரும் பேசலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
சத்துவாச்சாரி, வேலூர்.